வானவில் செய்தியும் ஆட்டிசம் செய்தியும் ஒரே பக்கத்தில் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாளிதழ்களில் பால்புதுமையர் (தன்பாலீர்ப்பாளர்கள், திருநர் உள்ளிட்ட எல்ஜிபிடிக்யூ மக்கள்) பற்றிய செய்தி ஜூன் மாதம் வானவில் கொடியோடு வருகிறது. ஆட்டிசம் பற்றிய செய்தி ஏப்ரல் 2 அன்று, ஏதோ ஒரு குழந்தையின் படத்தோடு, மருத்துவப் பக்கத்தில் வருகிறது. கவனத்தை ஒரே இடத்தில் நிறுத்தச் சிரமப்படுத்தும் ஏடிஎச்டியும், எழுத்தைப் படிக்கச் சிரமப்படுத்தும் டிஸ்லெக்சியாவும் தேர்வு நெருங்கும்போது கல்விப் பக்கத்தில் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகின்றன. இந்த மூன்றையும் ஒரே ஆள், தன்னைப் பற்றிய செய்தியாகவே படித்துக்கொண்டிருக்கக்கூடும் என்ற நினைப்பு அந்தப் பக்கங்களைத் தயாரிப்பவர்களுக்கு இருப்பதாகத் தெரியவில்லை. அப்படிப்பட்ட வாசகர்கள் கணிசமாகவே இருக்கிறார்கள். அவர்களுக்கான ஆதரவுக் குழுக்களில் வேலை செய்பவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம்.

நாங்கள் சொல்ல வருவது இதுதான். ஆட்டிசம், ஏடிஎச்டி, டிஸ்லெக்சியா என்று மூளையின் போக்கு பெரும்பான்மையிலிருந்து மாறுபட்டவர்களை இப்போது நியூரோடைவர்ஜென்ட் என்கிறோம். இவர்கள் 'நான் இப்படித்தான், இதில் தப்பில்லை' என்ற இடத்துக்கு வந்துசேர என்னென்ன செய்ய வேண்டுமோ, அதில் பெரும்பகுதியைப் பால்புதுமையர் ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டார்கள். யாரிடம் முதலில் சொல்வது, எவ்வளவு சொல்வது, சொன்ன பிறகு வருவதை எப்படிச் சமாளிப்பது, பிறந்த வீடு கைவிட்டால் யாரை வீடாக்கிக்கொள்வது என்பதெல்லாம் அவர்களிடம் புழக்கத்தில் உள்ள அறிவு. அது அடுத்தவர் கைக்கு வர வேண்டுமானால், அதை வாழ்ந்துகொண்டிருப்பவர்கள் கண்ணில் பட வேண்டும்.

இரண்டு கூட்டமும் தனித்தனி என்று நினைப்பவர்களுக்கு ஓர் எண். வருண் வாரியர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2020-இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை, 5 தரவுத் தொகுப்புகளில் சுமார் 6.4 லட்சம் பேரின் விவரங்களை அலசியது. பிறந்தபோது குறிக்கப்பட்ட பாலினத்தோடு ஒத்துப்போகாதவர்களிடையே ஆட்டிசம், மற்றவர்களைவிட 3 முதல் 6 மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது அபூர்வமல்ல என்கிறது, அவ்வளவே. தற்செயலாக இரண்டுமே உள்ள பிரபலங்களைத் தேடி அலைய வேண்டியதும் இல்லை. ஆஸ்திரேலிய நகைச்சுவைக் கலைஞர் ஹன்னா கேட்ஸ்பி தன் பாலீர்ப்பையும், பெரியவரான பின்பு கண்டறியப்பட்ட ஆட்டிசத்தையும் மேடையிலேயே பேசுகிறார்.

சரி, ஒருவர் வெளிப்படையாக வாழ்வது இன்னொருவருக்கு எப்படி உதவும்? அதைப் பார்க்க, மறைத்து வாழ்வது என்றால் என்ன என்பதைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை, அலுவலகம். 'லீவு எப்படிப் போச்சு?' என்று சக ஊழியர் கேட்கிறார். தன் துணை ஒரு பெண் என்பதை மறைக்கும் பெண், 'அவள்' வரவேண்டிய இடத்தில் 'ஃபிரெண்ட்' என்று மாற்றி, இருவர் போன இடத்துக்கு நால்வர் போனதாக்கி, போன வாரம் சொன்னதோடு இது முட்டுகிறதா என்று சரிபார்த்து, பிறகே வாயைத் திறக்கிறார். பக்கத்து இருக்கையில் ஆட்டிசம் உள்ளவர். இரண்டு நாளும் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக் கிடந்தவர் அவர். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தின் இரைச்சல் அப்போதுதான் உடம்பைவிட்டு இறங்கியிருக்கிறது. ஆனால் 'சூப்பரா போச்சு, உங்களுக்கு?' என்கிறார். அந்த 'உங்களுக்கு?' மனப்பாடம் செய்தது. கேட்பவரின் கண்ணைப் பார்க்க முடியாமல் புருவ மத்தியைப் பார்க்கிறார். மூன்று எண்ணும்வரை பார்த்துவிட்டு விலக்க வேண்டும் என்பதும் மனப்பாடம்தான். கால் ஆட வருகிறது, ஆட்டினால் தெரியும் என்பதால் செருப்புக்குள் கட்டை விரலை அழுத்திக்கொள்கிறார். இருவர் மண்டைக்குள்ளும் நடப்பது ஒரே கணக்கு: எதைச் சொன்னால் பிடிபடுவேன்?

ஆட்டிசம் உள்ளவர்கள் இதை மாஸ்கிங் என்கிறார்கள். எவ்வளவு மறைக்கிறோம் என்பதை அளக்க 25 கேள்விகள் கொண்ட 'கேட்-க்யூ' என்ற வினாத்தாளே இருக்கிறது. ஈடுகட்டுவது, மூடிமறைப்பது, கலந்துகொள்வதுபோல் நடிப்பது என்று மூன்றாகப் பிரித்து அது கேட்கும். மறைப்பதற்கு விலை உண்டு. ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடம் மாஸ்கிங்கும் தற்கொலை எண்ணமும் சேர்ந்தே கூடுவதை சாரா காசிடியும் சக ஆய்வாளர்களும் 2018-இல் காட்டினார்கள். இந்தக் கணக்கைப் பால்புதுமையர் விஷயத்தில் முன்பே எழுதிவைத்தவர் ஆய்வாளர் இலான் மேயர். 2003-இல் அவர் விரித்துச் சொன்ன சிறுபான்மை அழுத்தக் கோட்பாட்டின் சாரம் எளிது: பாலீர்ப்பு ஒருவரை நோயாளியாக்குவதில்லை, இகழ்ச்சி, அதை எதிர்பார்த்தே இருக்கும் பதற்றம், மறைத்தல், ஊரார் வெறுப்பைத் தானே விழுங்கிக்கொள்வது, இவைதான் ஆளைத் தேய்க்கின்றன. மோனிக் போத்தாவும் டேவிட் ஃப்ராஸ்டும் 2020-இல் அதே சட்டகத்தை ஆட்டிசம் உள்ளவர்களிடம் பொருத்திப் பார்த்தார்கள். பொருந்தியது.

பொருந்தாமல் எப்படி இருக்கும்? இரு சாராரையும் திருத்தப் புறப்பட்டது ஒரே கைதான். 1974-இல் உளவியலாளர்கள் ஜார்ஜ் ரெக்கர்ஸும் ஓலே ஐவார் லோவாஸும் வெளியிட்ட ஒரு கட்டுரை, ஏறக்குறைய ஐந்து வயதுப் பையன் ஒருவனின் 'பெண்தன்மை'யைப் போக்கிய கதையைச் சாதனையாகச் சொன்னது. அவன் மணிக்கட்டை மடக்கும் விதம், நடக்கும் விதம் எல்லாம் ஒன்றுவிடாமல் எண்ணப்பட்டன. வீட்டில் ஆண்பிள்ளைபோல் நடந்தால் நீல வில்லை, அதற்குப் பரிசு. இல்லையென்றால் சிவப்பு வில்லை, அதற்குத் தண்டனை. அதே லோவாஸ்தான் ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரப் பயிற்சி என்ற முறைக்கு 1987-இல் பெயர் வாங்கிக் கொடுத்தவர். கை படபடவென ஆடுவதை நிறுத்து, கண்ணைப் பார், சொன்னதைச் செய். 1974 கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழ் 2020-இல் அதன்மீது கவலை தெரிவித்துக் குறிப்பு வெளியிட்டது. ஆட்டிசம் பயிற்சிகள் இன்று நிறைய மாறிவிட்டன என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் 'வெளியே தெரியாவிட்டால் குணமாகிவிட்டது' என்ற அளவுகோல் மட்டும் இன்னும் பல இடங்களில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. பெற்றோர் ஒரு பயிற்சியில் சேர்க்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: குழந்தைக்கு எது வலிக்கிறது என்பதைக் குறைக்கிறீர்களா, பார்ப்பவர் கண்ணுக்கு எது உறுத்துகிறது என்பதைக் குறைக்கிறீர்களா?

வெளிப்படையாக வாழும் பால்புதுமையர் ஒருவரைப் பார்க்கும்போது இந்த அளவுகோல்தான் முதலில் விரிசல் விடுகிறது. மணிக்கட்டை மடக்கிப் பேசும் ஆண் ஒருவர் வேலைக்குப் போகிறார், வாடகை கட்டுகிறார், சண்டை போடுகிறார், சிரிக்கிறார். அப்படியென்றால் என் கையும் ஆடலாம் போலிருக்கிறதே என்று இன்னொருவருக்குத் தோன்றுகிறது. இதை அரசியலாகவே புரிந்துகொண்டவர் சான் ஃபிரான்சிஸ்கோ நகரசபை உறுப்பினர் ஹார்வி மில்க். தன்பாலீர்ப்புள்ள ஆசிரியர்களைப் பள்ளிகளிலிருந்து நீக்க வழிசெய்யும் முன்மொழிவு 1978-இல் கலிஃபோர்னியாவில் வாக்கெடுப்புக்கு வந்தபோது, உறவினர், நண்பர், அண்டை வீட்டார், உடன் வேலை செய்வோர் எல்லாரிடமும் உங்களைச் சொல்லிக்கொள்ளுங்கள் என்று அவர் ஊர் ஊராகப் பேசினார். தெரிந்த ஒருவரின் முகம் மனத்தில் இருந்தால் எதிராக வாக்களிக்கக் கை வராது என்பது அவர் கணக்கு. அந்த நவம்பரில் முன்மொழிவு தோற்றது.

மேடையும் ஊர்வலமும் ஓரளவுக்குத்தான் உதவும். நியூரோடைவர்ஜென்ட் ஒருவருக்கு அதிகம் உதவுவது, வெளிப்படையாக இருப்பவரின் சாதாரண நாளின் விவரம். துணையோடு வங்கிக்குப் போய்க் கூட்டுக் கணக்கு தொடங்கும்போது படிவத்தில் என்ன எழுதினார், அம்மா மறுபடி பேச ஆரம்பித்தது எப்போது, மருத்துவரிடம் முதல் வாக்கியம் என்ன. பொதுவாகச் சொன்னால் புரியாது, விவரமாகச் சொன்னால் பிடித்துக்கொள்வார்கள். ஆய்வாளர் டேமியன் மில்ட்டன் 2012-இல் முன்வைத்த இருபக்கப் புரிதல் சிக்கல் என்ற கருத்தும் இங்கே பொருந்தும். ஆட்டிசம் உள்ளவருக்குப் பிறர் மனம் புரியவில்லை என்பது பாதிதான். பிறருக்கும் அவர் மனம் புரிவதில்லை. ஊரே தன்னைத் தப்பாகப் புரிந்துகொண்டும் தன்மீது சந்தேகம் கொள்ளாத ஆட்களை ஒருவர் பார்த்துப் பழகினால், 'குறை எல்லாம் என் பக்கம்' என்ற தீர்ப்பை மறுவிசாரணைக்கு எடுக்கத் துணிவார்.

எந்தக் கட்டத்தில் எது தேவை என்பதற்கும் பழைய வரைபடம் ஒன்று இருக்கிறது. உளவியலாளர் விவியன் காஸ் 1979-இல், தன்பாலீர்ப்பை ஒருவர் தனக்குள் உணர்வதிலிருந்து அது வாழ்க்கையோடு கலப்பதுவரை ஆறு படிகள் சொன்னார்: குழப்பம், ஒப்பீடு, சகித்துக்கொள்ளல், ஏற்றல், பெருமிதம், ஒருங்கிணைதல். எல்லாரும் வரிசையாக ஏறுவதில்லை என்ற விமர்சனம் நியாயமானதே. இருந்தாலும், முப்பது நாற்பது வயதில் ஆட்டிசமோ ஏடிஎச்டியோ கண்டறியப்படுபவர்களிடம் இது வியக்கும்படி பொருந்துகிறது. ஒப்பீட்டுக் கட்டத்தில் இருப்பவரைக் கூட்டத்துக்கு இழுத்துவரக் கூடாது. தூரத்தில் இருந்து மற்றவர்களைப் படிப்பதே அப்போது போதும். சகித்துக்கொள்ளும் கட்டத்தில் ஒரே ஓர் ஆள் வேண்டும், இரண்டு பேர்கூட அதிகம். பெருமிதக் கட்டத்தில் கோபம் வரும். பள்ளியில் அடித்த ஆசிரியர், 'சோம்பேறி' என்ற அப்பா, எல்லாரும் நினைவுக்கு வருவார்கள். உலகமே நம்மாள், அடுத்தவன் என்று இரண்டாகத் தெரியும். அந்தக் கோபம் தேவை. ஆனால் அந்தக் காலத்தில் வேலையை உதறுவது, உறவை முறிப்பது போன்ற முடிவுகளைச் சில மாதம் தள்ளிப்போடுவது நல்லது. பலர் சகித்துக்கொள்வதையே ஏற்றுக்கொண்டதாக நினைத்துப் பல வருடம் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். வித்தியாசம் கண்டுபிடிக்கச் சுலபமான வழி: காதில் ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளும்போது 'மன்னிச்சுக்குங்க' என்று சொல்லிவிட்டுப் போட்டால் சகிப்பு, சும்மா போட்டுக்கொண்டால் ஏற்பு.

இப்போது சொல்லிக்கொள்ளும் விஷயத்துக்கு வருவோம். எங்களிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான், அதிகம் கெட்டுப்போவதும் இதில்தான்.

பால்புதுமையர் ஒருவரிடம் சொல்லும் முன் ஆழம் பார்ப்பார்கள். செய்தியில் வந்த யாரோ ஒருவரைப் பற்றிப் பேச்சை எடுத்துவிட்டு எதிராளியின் முகம் எப்படிப் போகிறது என்று கவனிப்பார்கள். முகத்தைப் படிப்பதே சிரமமான ஒருவர் இந்த உத்தியை அப்படியே எடுத்தால் ஏமாறுவார். முகத்துக்குப் பதில் மூன்று செயல்களைப் பார்க்கச் சொல்கிறோம். அந்தப் பேச்சை அவர் கிண்டலாக்கினாரா? நாம் முன்பு ரகசியமாகச் சொன்ன சின்ன விஷயம் எதையாவது வெளியே விட்டாரா? நாம் கேட்ட ஒரு சிறு உதவியை இரண்டாம் முறை நினைவூட்டாமல் செய்தாரா? கடைசிக் கேள்விதான் முக்கியம்.

சொல்வதிலும் மூன்று அளவுகள் உண்டு. முதல் அளவில் தேவையை மட்டும் சொல்வது: 'வாயால் சொன்னால் எனக்கு நிற்காது, எழுதி அனுப்பிவிடுங்கள்.' இதற்குப் பெயரும் வேண்டாம், காரணமும் வேண்டாம். அடுத்த அளவில் காரணத்தையும் சேர்ப்பது: 'ஒரே நேரத்தில் இரண்டு பேர் பேசினால் எனக்கு இரண்டுமே காதில் ஏறாது.' கடைசி அளவில்தான் ஆட்டிசம், ஏடிஎச்டி என்ற பெயர். பெரும்பாலான வேலையிடங்களில் முதல் அளவே முக்கால்வாசிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும். பெயரோடு சொல்வதானால் எழுத்தில், நான்கைந்து வரியில் முடிப்பது உத்தமம். உதாரணமாக: 'எனக்கு ஆட்டிசம் இருப்பது தெரியவந்திருக்கிறது. கூட்டத்தில் கேட்டால் உடனே பதில் வராது, அரை நாளில் எழுதி அனுப்புவேன். என்னிடம் மெதுவாகவோ குழந்தையிடம் பேசுவதுபோலவோ பேச வேண்டாம். இதை வேறு யாரிடமும் நீங்களாகச் சொல்ல வேண்டாம்.' கடைசி வரியை விட்டுவிடக் கூடாது. சொல்லாமலே தெரியும் என்று நாம் நினைப்பது எதிராளிக்குத் தெரியாது.

பாலினமோ பாலீர்ப்போ ஒன்று, நரம்பியல் வேறுபாடு ஒன்று என இரண்டு விஷயம் சொல்ல வேண்டியவர்கள் ஒரே நாளில் இரண்டையும் சொல்வது பெரும்பாலும் வினையில் முடிகிறது. வீட்டார் ஒன்றை வைத்து மற்றொன்றைத் தள்ளிவிடுவார்கள்: 'அதுதான் இவனை இப்படி யோசிக்கவைக்கிறது.' எதற்கு உடனடியாகச் செய்துதரக்கூடிய கோரிக்கை இருக்கிறதோ அதை முதலில் சொல்லி, அது நிலைத்த பிறகு மற்றதற்குப் போகலாம். வீட்டில் சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் சார்ந்திருப்பவர் எதையும் சொல்லும் முன், சான்றிதழ்கள், அடையாள அட்டை, மருந்துச் சீட்டு, இரண்டு வாரத்துக்கான மருந்து, கொஞ்சம் பணம், போய்த் தங்க ஓர் இடம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். பட்டியலை மறந்துபோகும் ஆள் என்றால் முதலிலேயே ஒரு பையில் போட்டு நம்பிக்கையானவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

ஏடிஎச்டி உள்ளவர்களுக்கு வேறு ஒரு கண்ணி. உத்வேகம் வந்த நள்ளிரவில் குடும்பக் குழுவுக்கே நீளமாக ஒரு செய்தியைத் தட்டிவிட்டு, காலையில் 60 பதில்களைப் பார்த்து உறைந்துபோவார்கள். எழுதியதை எழுதிய இடத்தில் வைக்காமல், அனுப்ப முடியாத குறிப்பேட்டில் வையுங்கள். தூங்கி எழுந்து, சாப்பிட்ட பிறகு படியுங்கள். அப்போதும் சரி என்று பட்டால் ஒரே ஒருவருக்கு அனுப்புங்கள். ஆட்டிசம் உள்ளவர்களிடம் நேர்மாறான சிக்கல். 'வெளியே வாருங்கள்', அதாவது உங்களை வெளிப்படுத்திக்கொள்ளுங்கள், என்ற பால்புதுமையர் முழக்கத்தைச் சட்டமாக எடுத்துக்கொண்டு, சொல்லாமல் இருப்பது பொய் சொல்வதாகும் என்று தவித்து, நம்பத் தகாத மேலாளரிடம்கூடச் சொல்லிவிடுவார்கள். சொல்லாமல் இருப்பது பொய் அல்ல. பால்புதுமையர் யாரிடம் கேட்டாலும் இதை அழுத்திச் சொல்வார்கள்.

மாஸ்கிங்கைக் கழற்றுவதையும் ஒரே வீச்சில் செய்யக் கூடாது. ஒரு பழக்கம், ஓர் இடம், இரண்டு வாரம் என்று வைத்துக்கொள்ளலாம். முதலில் தனியாக இருக்கும்போது காலை ஆடவிடுவது, பிறகு நெருங்கிய ஒருவர் முன், பிறகு தன்னைப்போன்றவர்கள் கூடும் இடத்தில், வேலையிடம் கடைசி. பலருக்குத் தனிமையில்கூட உடனே வராது, உடம்பு அத்தனை பழகியிருக்கும். இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: கழற்ற ஆரம்பித்ததும் சத்தமும் வெளிச்சமும் முன்பைவிட உறுத்துவதுபோல் தோன்றும். மோசமாகிவிட்டோம் என்று பயந்து பலர் திரும்பிவிடுகிறார்கள். அமுக்கிவைத்திருந்தது தெரியத் தொடங்கியிருக்கிறது, அவ்வளவே. ஆனால் மூன்று மாதத்துக்கு மேலாகத் தொடர்ந்து களைப்பு, முன்பு தெரிந்த வேலைகளே செய்ய வராமல் போவது, சிறு சத்தம்கூடத் தாங்காமல் போவது என்று மூன்றும் சேர்ந்தால் அது ஆட்டிசம் பர்ன்அவுட் எனப்படும் முழுச் சோர்வு. அப்போது பயிற்சியை நிறுத்திவிட்டு, வெளி வேலைகளைக் குறைத்து, மருத்துவ உதவியும் தேட வேண்டும்.

ஆலோசகர்களுக்கு ஒரு சொல். ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தன் உணர்ச்சி எது என்று பெயர் சொல்வதே கடினம் என ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. 'உங்கள் அடையாளத்தைப் பற்றி எப்படி உணர்கிறீர்கள்?' என்று கேட்டுவிட்டுப் பதில் வராததை மறுப்பு என்று எழுதிவிடாதீர்கள். அவர் தேர்ந்தெடுத்த பெயரில் கூப்பிடும்போது தோள் இறுகுகிறதா, தளர்கிறதா என்று கேளுங்கள். நான்கு விடை கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அடுத்த சந்திப்புக்குள் எழுதிவரச் சொல்லுங்கள். ஆட்டிசம் இருப்பதாலேயே ஒருவருக்குத் தன் பாலினம் தெரியாது என்று முடிவுகட்டும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அதற்குப் பயந்து ஆட்டிசத்தை மறைத்துக்கொண்டு பாலின மருத்துவத்துக்குப் போகிறவர்கள், அங்கே தேவையான உதவியைக் கேட்க வழியில்லாமல் நிற்கிறார்கள்.

இந்த ஒப்புமை எங்கே நிற்கிறது என்பதையும் சொல்லாவிட்டால் நேர்மையில்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1973-இல் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது. உலக சுகாதார நிறுவனம் 1990-இல் எடுத்தது. அந்த வெற்றியைப் பார்த்து 'ஆட்டிசத்தையும் எடுத்துவிடுங்கள், ஏடிஎச்டிக்கு மருந்து எதற்கு' என்று கிளம்புபவர்கள் இருக்கிறார்கள். அது தவறான பாடம். கண்டறிதல் சான்று இல்லாமல் தேர்வில் கூடுதல் நேரம் கிடைப்பது கடினம். மருந்து பலரை நிமிர்த்தி நிற்கவைக்கிறது. பேச்சு வராதவர்களுக்கும், தன்னையே காயப்படுத்திக்கொள்பவர்களுக்கும் வாழ்நாள் ஆதரவு தேவைப்படலாம். தன்பாலீர்ப்பாளர்கள் போன வழியைவிடத் திருநர் போன வழிதான் இங்கே பொருத்தமான முன்மாதிரி. 2019-இல் ஏற்கப்பட்ட ஐசிடி-11 என்ற உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் பாலின இணக்கமின்மை (பிறந்தபோது குறிக்கப்பட்ட பாலினத்தோடு ஒத்துப்போகாமை) முழுக்க நீக்கப்படவில்லை. மனநோய் அத்தியாயத்திலிருந்து எடுத்து, பாலியல் ஆரோக்கிய அத்தியாயத்துக்கு மாற்றினார்கள். கறை போனது, மருத்துவ வசதிக்கான கதவு திறந்தே இருந்தது. வகைப்பாடுகள் கல்வெட்டு அல்ல என்பதற்கு இந்தப் பக்கத்திலும் சான்று உண்டு: 2013 வரை ஆட்டிசமும் ஏடிஎச்டியும் ஒரே ஆளுக்குச் சேர்த்து எழுத அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேடு அனுமதிக்கவே இல்லை.

பால்புதுமையர் நிகழ்ச்சிகளை நடத்துபவர்களிடமும் எங்களுக்கு ஒரு மனக்குறை உண்டு. யாருக்கு இந்த வெளிச்சம் மிகவும் தேவையோ, அவர்களால் அந்த இரைச்சலில் பத்து நிமிடம் நிற்க முடிவதில்லை. செய்ய வேண்டியவை செலவு பிடிக்காதவை. நிகழ்ச்சி நிரலை நேரத்தோடும், இடத்தின் படங்களோடும் ஒரு வாரம் முன்பே அனுப்புங்கள். ஒலிபெருக்கிக்கு எதிர்க் கோடியில் ஓர் அமைதி அறை. குழல்விளக்கு வேண்டாம், பேச்சும் வேண்டாம். அந்த அறைக்கு வாசலிலேயே வழிகாட்டிப் பலகை வையுங்கள், கேட்டுத்தான் போக வேண்டும் என்றால் யாரும் போகமாட்டார்கள். ஆட்டிசம் உள்ளவர்களே தங்கள் கூடுகைகளில் பழக்கத்துக்குக் கொண்டுவந்த வண்ணப் பட்டைகளும் நல்ல வழி: பச்சை என்றால் பேச வரலாம், மஞ்சள் என்றால் தெரிந்தவர்கள் மட்டும், சிவப்பு என்றால் யாரும் வேண்டாம். நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்காகப் பட்டையில் எழுத்தாலும் எழுத வேண்டும். வந்தவர் பாதியில் போவதைக் குறையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்னொரு சங்கடமும் இருக்கிறது. மறைப்பதை விட்டுவிட்டு வந்த இடத்திலும் 'சரியான' பால்புதுமையர் எப்படி உடுத்துவார், எப்படிப் பேசுவார் என்று பார்த்துப் பார்த்து நடிக்கத் தொடங்கினால், பழைய மாஸ்க் போய்ப் புது மாஸ்க் வந்ததாகத்தான் அர்த்தம்.

பேசாதவர்களை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். படப்பலகையோ டேப்லெட்டோ வைத்துத் தொடர்புகொள்ளும் பதினெட்டு வயதுக்காரரின் பலகையில் பெரும்பாலும் என்ன இருக்கிறது? தண்ணீர், பசி, கழிவறை, அம்மா. 'வேண்டாம்', 'தொடாதே', 'தனியாக இருக்கணும்', 'பிடிச்சிருக்கு', 'நான் ஆண்', 'நான் பெண்', 'இரண்டும் இல்லை', 'இந்தப் பெயரில் கூப்பிடு' ஆகியவை இல்லை. பலகையில் இல்லாததை அவர் சொல்ல முடியாது. சொல்லாததால் அவருக்கு அப்படி எதுவும் இல்லை என்று நாம் எழுதிவிடுகிறோம். பெற்றோரும் பேச்சுப் பயிற்சியாளர்களும் இந்தச் சொற்களை இன்றே சேர்க்கலாம். முதல் இரண்டு, பாதுகாப்புக்காகவும் கட்டாயம் தேவை.

கடைசியாக உங்களிடம் கேட்பது. ஒருவரின் பாலீர்ப்பை அவர் அனுமதியின்றி வெளியே சொல்வது அத்துமீறல் என்று பத்திரிகைகள் மெல்ல மெல்லப் புரிந்துகொண்டுவருகின்றன. அதே நியாயம் ஒரு குழந்தையின் ஆட்டிசத்துக்கும் உண்டு. பெற்றோர் சம்மதித்தார்கள் என்பதால் முகமும் பெயரும் பள்ளியும் போட்டு, அழுது புரண்ட காட்சியை விவரித்து எழுதினால், இருபது வயதில் அந்தப் பிள்ளை வேலை தேடும்போதும் அது இணையத்தில் கிடக்கும். வளர்ந்தவர்களைப் பேட்டி எடுக்கும்போது கேள்விகளை இரண்டு நாள் முன்பே எழுத்தில் அனுப்புங்கள், பதிலையும் எழுத்தில் தர இடம் கொடுங்கள். பாலின அடையாளத்தை எழுத ஓர் ஒப்புதல், ஆட்டிசத்தையோ ஏடிஎச்டியையோ எழுதத் தனி ஒப்புதல் என்று இரண்டாகவே கேளுங்கள். ஒன்றை மற்றதன் காரணமாகத் தலைப்பில் கோக்காதீர்கள். படம் எடுக்கும்போது ஃபிளாஷ் வேண்டாம். கேமராவைப் பார்க்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம், கையில் எதையாவது உருட்டிக்கொண்டிருந்தால் உருட்டட்டும். ஒப்புதலைத் திரும்பப் பெற எத்தனை மணி வரை நேரம் இருக்கிறது, பக்கம் எப்போது அச்சுக்குப் போகிறது என்பதையும் அந்த முதல் மின்னஞ்சலிலேயே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஆதரவுக் குழுக்களில் பணிபுரிவோர் சிலர்